வௌவால் மட்டுந்தானா குற்றவாளி? – ‘கண்டேஜன்’ படத்தின் கடைசிக் காட்சி பற்றி

அறிவியல் திரைப்படம் என்றதும் விண்கலமும் வேற்றுலக வாசிகளும் நம் நினைவுக்கு வருகின்றனர். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கண்டேஜன்’ என்னும் ஆங்கிலப் படம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ‘தொற்று’ என்பது அப்பெயரின் பொருள். ஸ்டீவன் சோடர்பர்க் இயக்கினார். ஸ்காட் பர்ன்ஸ் கதை எழுதினார். இயான் லிப்கின் என்ற வைரஸ் ஆய்வாளர் அறிவியல் ஆலோசகராக இருந்தார். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது உலகெங்கும் மக்கள் இதைத் தேடிப் பிடித்துப் பார்த்தனர். நம் கல்லூரி மாணவர்களும் பார்த்தனர். “விலங்கிலிருந்து நோய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தப் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களைப் பார்” என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

படம் ‘இரண்டாம் நாள்’ என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது. முதல் நாள் என்ன நடந்தது என்பதை இயக்குநர் கடைசிவரை மறைத்து வைக்கிறார். பல லட்சம் பேர் மாண்டு, தடுப்பூசியும் வந்த பிறகே ‘முதல் நாள்’ என்ற எழுத்துகள் திரையில் தோன்றுகின்றன. ஒரு மண்வாரி இயந்திரம் மரங்களைச் சாய்க்கிறது. அங்கிருந்த வௌவால்கள் கலைந்து பறக்கின்றன. ஒரு வௌவால் வாழைப்பழத் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு பன்றிக் கொட்டகையின் கூரையில் தொங்குகிறது. துண்டு கீழே விழுகிறது. ஒரு பன்றிக்குட்டி அதைத் தின்கிறது. குட்டி விலைபோய், மக்காவ் நகரச் சூதாட்ட விடுதியின் சமையலறைக்கு வருகிறது. சமையற்காரர் அதன் வாயைத் தொட்ட கையைக் கழுவாமல் மேலாடையில் துடைத்துக்கொண்டு, கதைநாயகியோடு கைகுலுக்குகிறார். மரத்தைச் சாய்த்த இயந்திரம் அந்த அம்மையார் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே சொந்தமானது. இத்தனையும் ஒரு வசனமும் இல்லாமல் நடந்து முடிகிறது.

திறமையான காட்சி என்பதில் ஐயமில்லை. காடு, பண்ணை, சமையலறை, மனிதன் என்ற நான்கையும் ஒரே நூலில் கோத்து, படிப்பறிவு இல்லாதவருக்கும் விளங்கும்படி காட்டிய படம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை. இருப்பினும் அது நம் மனத்தில் ஓர் அம்புக்குறியை வரைந்துவிடுகிறது: காட்டு விலங்கு → வளர்ப்பு விலங்கு → மனிதன். ஒரே திசை, ஒரே முறை, ஒரே துண்டுப் பழம். படத்தில் வரும் ஆராய்ச்சியாளர் ஒருவரும், எங்கோ ஒரு பன்றியும் ஒரு வௌவாலும் சந்திக்கக் கூடாத விதத்தில் சந்தித்துவிட்டன என்ற பொருள்படப் பேசுகிறார். அதாவது எல்லாம் கெட்ட காலம்! இந்தப் படிப்பினையோடு நம் கிராமத்துக்குத் திரும்பும் மாணவர், கோயில் ஆலமரத்து வௌவாலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அந்த வௌவால்கள் அஞ்சக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இலுப்பைப் பூவின் மகரந்தத்தைச் சுமந்து செல்வதும் இந்த வௌவால்தான்.

உண்மையில் நடந்தது என்ன?

படத்து வைரஸ் கற்பனையே ஆயினும், அதற்கு அச்சாக இருந்தது நிப்பா வைரஸ். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவின் ஈப்போ நகருக்கு அருகில் பன்றி வளர்ப்போர் மூளைக்காய்ச்சலால் மாண்டனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள். அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். பன்றிகளை நெருங்காத அக்கம்பக்கத்துக் குடும்பங்களோ நலமாக இருந்தன. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை அல்லவா? இந்தச் சிறு முரண்பாட்டில் விடை இருந்தது. அதற்குள் நோயுற்ற பண்ணைகளின் பன்றிகள் லாரிகளில் ஏறித் தெற்கே, நம்மவர் பலர் வாழும் நெகிரி செம்பிலான் மாநிலத்தை அடைந்துவிட்டன. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் என்ற இளம் ஆய்வாளர் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த மாநிலத்தின் சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

நோய் புறப்பட்ட பண்ணை எப்படிப்பட்டது? ஏறத்தாழ 30,000 பன்றிகள் கொண்ட பெரும் பண்ணை. கொட்டகைகளை ஒட்டி மாமரங்களும் வளர்க்கப்பட்டன. மரத்துக்கு எரு கிடைக்கும். பண்ணைக்கு இரண்டாவது வருமானமும் கிடைக்கும். ஒரே நிலத்தில் இரட்டை லாபம் என்று எந்த வேளாண் அதிகாரியும் பாராட்டியிருப்பார். பழந்தின்னி வௌவால் மாங்கனிக்கு வந்தது; கடித்த பழத்தையும் எச்சிலையும் சிறுநீரையும் கீழே விட்டது. பன்றி அண்ணாந்து பார்ப்பதில்லை, விழுந்ததைத் தின்றது.

இதுவரை படமும் உண்மையும் ஒத்துப்போகின்றன. இனித்தான் வேறுபாடு. காட்டுத் தீயின் புகையும் வறட்சியும் வௌவால்களைப் பண்ணைக்குத் துரத்தின என்பதே முதலில் சொல்லப்பட்ட விளக்கம்; படத்தின் மண்வாரி இயந்திரமும் அதே எண்ணத்தின் குழந்தைதான். பிறகு அந்தப் பண்ணையின் பதிவேடுகளை எடுத்து, கணித முறையில் ஆராய்ந்து, 2012-இல் ஒரு குழு வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. வைரஸ் ஒருமுறை நுழைந்திருந்தால், எரிந்து தணியும் வைக்கோற் போரைப்போல் பண்ணையைச் சுட்டுவிட்டு அணைந்திருக்கும். எல்லாப் பன்றிகளும் சாகும் அல்லது எதிர்ப்புச் சக்தி பெறும். அதன்பின் வைரசுக்குப் போக்கிடம் இராது. ஆனால் அந்தப் பண்ணையில் 1997 ஜனவரியிலேயே மனிதர் ஒருவருக்கு நோய் கண்டிருக்கிறது. முதல் நுழைவுக்குப்பின் பாதி எதிர்ப்புச் சக்தியுடன் இருந்த மந்தைக்குள் வைரஸ் இரண்டாம் முறையும் நுழைந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோன குட்டிகள் மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தன. அணையவும் இல்லை, கொழுந்துவிட்டு எரியவும் இல்லை, உமித்தீயாகக் கனன்றது. அந்த நீண்ட காலத்தில்தான் பன்றிகள் லாரி ஏறி வெளியூர் சென்றன.

ஆக, ஒரு பழத்துண்டு போதவில்லை. மாமரமும் கொட்டகையும் ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்து இருக்க வேண்டியிருந்தது; ஓயாமல் குட்டி ஈனும் பெரிய மந்தையும், தூர தேசச் சந்தையும் வேண்டியிருந்தன. இவற்றில் எதுவும் கெட்ட காலமன்று. எல்லாம் மனிதர் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடுகள். இது ஒரு வகையில் நல்ல செய்தியும்கூட. கெட்ட காலத்தை மாற்ற முடியாது. மரத்தை மாற்றி நடலாம். மலேசியாவில் கொட்டகையை விட்டு விலக்கிப் பழமரம் நடச் செய்தார்கள்.

வெள்ளைப் பலகையில் எழுதிய எண்

படத்தில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த இன்னொரு காட்சி உண்டு. எரின் மியர்ஸ் என்ற மருத்துவர் (நடிப்பு: கேட் வின்ஸ்லெட்) வெள்ளைப் பலகையில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் பரவும் என்ற ‘பெருக்க எண்’ணை விளக்குகிறார். பல காரணிகள் அதைத் தீர்மானிக்கின்றன என்று அவர் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் பார்ப்பவர் மனத்தில் தங்குவது வேறு: இன்ன வைரசுக்கு இன்ன எண், தங்கத்துக்கு இன்ன அடர்த்தி என்பதுபோல!

இயற்பியல் படித்தவனுக்கு இந்த இடத்தில் அணு உலை நினைவுக்கு வராமற்போகாது. மணப்பாட்டிலிருந்து கடற்கரையோரமாகத் தென்மேற்கே சென்றால் கூடங்குளம். அங்கே முதல் உலை 2013 ஜூலையில் தொடர்வினையை எட்டியது. ஒரு நியூட்ரான் யுரேனிய அணு ஒன்றைப் பிளக்க, இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் எத்தனை மறுபடியும் ஓர் அணுவைப் பிளக்கின்றன என்பதே அங்கும் பெருக்க எண். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் வினை அணையும். மேலே போனால் வளரும். இந்த எண் யுரேனியத்தின் சொந்தக் குணமா? இல்லை. அதே யுரேனியத்தை உருண்டையாக வைத்தால் ஓர் எண். மெல்லிய தகடாக அடித்தால் வேறோர் எண். பொருள் மாறவில்லை, அமைப்புத்தான் மாறியது. நோயும் அப்படியே. பத்து ஏக்கரில் பரந்து மேயும் ஆடுகளுக்கும், கோடையில் ஒரே தொட்டியில் முட்டிமோதும் அதே ஆடுகளுக்கும் பெருக்க எண் ஒன்றாக இருக்க முடியாது.

இன்னும் ஒரு படி மேலே போவோம். பெருக்க எண் 0.8 உள்ள ஒரு குவியலை எடுத்துக்கொள்வோம். அதற்குள் வெளியிலிருந்து ஒரு நியூட்ரானை விட்டால் என்ன ஆகும்? 1 + 0.8 + 0.64 + … என்று பெருக்குத் தொடராகச் சென்று மொத்தம் 5-இல் நின்றுவிடும். எண் 0.9 ஆனால் மொத்தம் 10. தானாக எரியும் வலிமை அந்தக் குவியலுக்கு இல்லை. ஆனால் வெளியிலிருந்து நியூட்ரான்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், வெளியே நிற்பவனுக்கு அது தானே எரிவதுபோலத்தான் தோன்றும். வெளி மூலத்தை மூடினால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். இப்போது அந்தக் குவியலுக்குப் பதிலாகக் காட்டு மந்தையையும், வெளி மூலத்துக்குப் பதிலாக நம் தொழுவத்தையும் வைத்துப் பாருங்கள். காட்டில் நோய் இருக்கிறது என்பதால் காடுதான் நோயின் இருப்பிடம் என்று சொல்லிவிட முடியுமா?

வெக்கை சொன்ன தீர்ப்பு

கேள்விக்கு விடை வெக்கை நோயின் வரலாற்றில் இருக்கிறது. மாட்டுக்குக் கடுங்காய்ச்சல், வாயில் புண், ஓயாத கழிச்சல், ஒரு வாரத்தில் சாவு. நம் பாட்டனார் காலத்துக் கிராமங்களை ஏரின்றி நிறுத்திய நோய் அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் கால்நடைகள் மூலம் நுழைந்து, பத்தே ஆண்டுகளில் வடக்கிலிருந்து தென்முனைவரை சென்றது. மாடுகளோடு காட்டெருமைகளும் பல்வகை மான்களும் கொத்துக் கொத்தாக மாண்டன.

அதன்பின் தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கன்றுகள் ஆண்டுதோறும் இந்நோயால் செத்துக்கொண்டிருந்தன. காட்டு விலங்குகளிடம் நோய் நிலைத்துவிட்டது, அவையே அக்கம்பக்கத்து மாடுகளுக்குப் பரப்புகின்றன என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நம் படத்தின் அம்புக்குறிதான்! 1950-களிலும் 60-களிலும் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஒரு வில்டபீஸ்டுக்கும் ஊசி போடவில்லை, போடவும் முடியாது. ஆயினும் 1963 அளவில் அவற்றிடமிருந்து நோய் மறைந்தது. 1961-இல் இரண்டரை லட்சமாக இருந்த அவற்றின் எண்ணிக்கை 1970-களின் இறுதியில் ஏறத்தாழ 13 லட்சமாயிற்று. வெளி மூலத்தை மூடினார்கள், குவியல் அடங்கியது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு தெளிவான சோதனை எளிதில் அமையாது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1968-இல் முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளின் காட்டெருமைகளை வெக்கை ஏறக்குறையத் துடைத்தெடுத்தது. காட்டெருமை என்று நாம் அழைத்தாலும் அது எருமையன்று. நம் மாட்டின் நெருங்கிய உறவு. மசினகுடிப் பக்கத்தில் பாலுக்காக மட்டுமின்றிச் சாணத்துக்காகவும் பெரிய பட்டிகளில் மாடு வளர்ப்பார்கள். அந்தச் சாணம் தோட்டங்களுக்கு எருவாக விலைபோகும். பட்டி மாடு பகலில் காட்டுப் புல்லை மேய்ந்து, காட்டு ஓடையில் நீர் குடித்து, இரவில் ஊர் திரும்பும். புல்லும் நீரும் பொதுவான பின் நோய் மட்டும் தனித்தனியாக இருக்குமா? மத்திய அரசின் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954-இல் தொடங்கியது. நாட்டில் கடைசியாக நோய் கண்டது 1995-இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப்பின் மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இது. இதற்காகக் காட்டில் ஒரு துப்பாக்கியும் வெடிக்க வேண்டியிருக்கவில்லை.

அம்பு எப்போதும் தொழுவத்திலிருந்து காட்டுக்கே பாய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நிப்பாவின் இருப்பிடம் வௌவால்தான். 2018-இல் கேரளத்தின் பேராம்பிரையில் 17 உயிர்களைக் கொண்டுபோனதும் அங்கிருந்து வந்ததே. ஆனால் திசையை ஆராயாமல் முடிவு கட்டினால் என்ன விளையும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். மாட்டுக் காசநோயைத் தடுக்க 2013 முதல் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கை இரண்டு லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். பேட்ஜரிடமும் அந்நோய் இருப்பது உண்மை. ஆயினும் 2018-இல் சார்லஸ் காட்ஃப்ரே தலைமையில் நடந்த மறுஆய்வு, பேட்ஜரையே பார்த்துக்கொண்டு மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதைக் கவனியாமல் விடுவது தவறு என்று சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மாடு வாங்கி விற்பது எல்லோருக்கும் வசதி. பேட்ஜருக்கோ வாயில்லை.

காட்சி காட்டாத இன்னொரு பகிர்வு

படத்தில் வௌவாலும் பன்றியும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் இருக்கின்றன. நோய் பரவ இது கட்டாயமா? இல்லை. கதிரியக்கப் பொருளுக்கு அரைவாழ்வு இருப்பதுபோல், உடலுக்கு வெளியே கிருமி பிழைத்திருக்கும் காலமும் கிருமிக்குக் கிருமி மாறும். வெக்கை வைரஸ் வெயிலில் சில மணி நேரங்கூடத் தாங்காது. எனவே விலங்குகள் ஏறத்தாழ ஒன்றாக நின்றால்தான் பரவும். பறவைக் காய்ச்சல் வைரஸ் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இருக்கும். காலையில் வாத்தும் மாலையில் நாரையும் வந்தாலும் போதும். அடைப்பான் நோயின் கிருமியோ விதைபோல் உறை கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். 2021 ஜூலையில் கோவையை அடுத்த ஆனைகட்டிப் பகுதியில் ஒரு யானை அடைப்பானால் இறந்தது. அப்படிப்பட்ட ஓரிடத்தில் இன்று மேயும் மாடு, தான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு விலங்கோடு புல்லைப் பகிர்ந்துகொள்கிறது! அடைப்பானில் செத்த விலங்கை அறுக்கக் கூடாது, ஆழப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்பது இதனால்தான். காற்றுப் பட்டால்தான் கிருமி உறை கட்டும். அறுக்காத உடலுக்குள் அழுகலில் அது அழிந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் காட்சிகள்

தூத்துக்குடி – திருநெல்வேலிச் சாலையில் வல்லநாடு இருக்கிறது. அங்குள்ள முட்புதர்க் குன்றுதான் இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம். பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பகுதி 1987-இல் சரணாலயமாயிற்று. வெளிமானுக்கு வேலி தெரியாது. மழை பொய்த்தால் அது வயல்களில் இறங்கும்; ஊர் ஆடுகள் மேயும் தரிசிலும் நிற்கும்.

அதே 1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் செம்மறியாடுகளுக்கு ஒரு நோய் கண்டது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாயில் புண், கழிச்சல், இருமல். பார்வைக்கு வெக்கைபோலவே இருந்தாலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் அது வெக்கையின் தம்பியான வேறொரு வைரஸ் என்று நிறுவினார்கள். இந்தியாவில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. ஆட்டுக்கொல்லி என்பது இன்று அதற்கு வழங்கும் பெயர். பெயர் மிகையன்று, தடுப்பூசி போடாத மந்தையில் பாதிக்கு மேலும் போய்விடக்கூடும். எங்கள் பகுதியில் தேரி ஓரங்களிலும் பனங்காடுகளிலும் உடை மரத்து நெற்றைப் பொறுக்கித் தின்னும் ஆடுகள் பெரும்பாலும் பெண்களின் சொத்து. மகள் கல்லூரிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அந்த ஆட்டின் கழுத்துக் கயிற்றில்தான் தொங்குகின்றன. மாட்டுக்கு நோய் வந்தால் ஊரே பேசும். ஆடு செத்தால் அந்த ஒரு வீட்டோடு போய்விடும்.

வெள்ளாட்டு நோய்க்கும் மானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மங்கோலியா விடை சொல்லும். 2016-இல் அந்நாட்டின் ஆடுகளிடையே முதன்முறையாக ஆட்டுக்கொல்லி பரவியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, அந்தப் புல்வெளியில் ஆடுகளோடு மேய்ந்த சைகா என்ற அரிய மான்கள் விழத் தொடங்கின. சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் மாண்டன. ஆடுகளுக்கு அவசரமாகத் தடுப்பூசி போட்டும் மானுக்குக் காலம் கடந்துவிட்டது. பரந்த மங்கோலியாவிலேயே அப்படியென்றால், ஒரே ஒரு சிறு குன்றில் வாழும் மந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் விலங்குகளுக்குத் தொட்டி கட்டி லாரியில் நீர் நிரப்புவது நல்ல பணிதான். ஆனால் அந்தத் தொட்டி ஊர் ஆடும் வந்து குடிக்கும் இடத்தில் இருந்தால், யுரேனியத் தகட்டை நாமே உருட்டி உருண்டையாக்குகிறோம். தொட்டியைக் குன்றின் உட்புறம் வைப்பதும், ஆட்டுக்கென ஊர்ப்புறத்தில் தனித் தொட்டி கட்டுவதும் பெரிய செலவல்ல.

நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்துக்குப் பனிக்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றை விருந்தினர்போல் காப்பதை நாடே அறியும். எங்கள் மணப்பாட்டில் கருமேனியாற்றுக் கழிமுகத்திலும் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம், “வெளிநாட்டுப் பறவை கொண்டுவந்த நோய்” என்ற பேச்சு எழும். இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 வைரசின் மூதாதை 1996-இல் எங்கே கண்டெடுக்கப்பட்டது தெரியுமா? சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில், ஒரு பண்ணை வாத்திடம். 2005-இல் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மாண்டன. அவற்றுள் மிகுதியானவை இதே வரித்தலை வாத்துகள். பண்ணையிலிருந்து காட்டுக்குப் போன நோய்தான் இப்போது இறக்கை கட்டிக்கொண்டு பண்ணைக்குத் திரும்பி வருகிறது. இதில் எந்தப் பக்கம் அம்பு வரைவது?

மீண்டும் படத்துக்கு வருவோம். எனக்கு மிகப் பெரிய குறையாகத் தோன்றுவது அம்பின் திசைகூட அன்று. அந்தக் கடைசிக் காட்சியில் மரம் வெட்டும் நிறுவனத்துக்குப் பெயர் இருக்கிறது. சமையற்காரருக்கு முகம் இருக்கிறது. கைகுலுக்கும் அம்மையாரின் முழுக் கதையும் நமக்குத் தெரியும். பண்ணைக்காரரைப் பற்றி மட்டும் நமக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாழை ஏன் அங்கே வைத்தார், கொட்டகைக் கூரை ஏன் திறந்து கிடந்தது, குட்டி நோயுற்றபோது யாரிடம் சொன்னார், சொல்ல அருகில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தாரா? ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில், சங்கிலியை மிக மலிவாக அறுக்கக்கூடிய ஒரே மனிதருக்கு ஒரு சொல் பேச்சு இல்லை. தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் செலவழிக்கும் திரை நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொட்டகையில் செலவழித்திருந்தால், இது நல்ல படம் என்பதோடு பயனுள்ள படமாகவும் ஆகியிருக்கும். நம் பாடநூல் படங்களையும் செய்தித்தாள் வரைபடங்களையும் உற்றுப் பாருங்கள்; அவற்றிலும் வௌவால் இருக்கும், பன்றி இருக்கும், வெள்ளை அங்கி மருத்துவர் இருப்பார். ஆடு மேய்ப்பவர் இருக்கமாட்டார்.

இந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள், கடைசிக் காட்சி முடிந்ததும் விளக்கைப் போட்டு, அந்தக் கொட்டகையைக் கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். எங்கே தீவனம், எங்கே நீர், எங்கே மரம், எவை எந்த வேளையில் எங்கே வருகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். அதன்பின் தம் வீட்டுத் தொழுவத்தை வரைந்து வரச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று பன்னாட்டு அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன. அதற்கான தடுப்பூசி நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியவற்றுள் ஒன்று, 1987-இல் நோய் கண்ட அரசூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு முறை போட்டால் மூன்றாண்டுக்கு மேல் காக்கும். ஆனால் ஈப்போப் பண்ணையின் பன்றிக்குட்டிகளைப்போலவே நம் ஆட்டுக்குட்டிகளும் ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. தாய் தந்த காப்பு மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். சென்ற ஆண்டு முகாமில் ஊசி போட்ட மந்தைதானே என்று இருந்துவிட முடியாது. பங்குனியில் பிறந்த குட்டிக்கு ஆடியில் ஊசி போட்டாக வேண்டும்.